கொட்டாஞ்சேனைக்காரியின் ஈட்டி

மருதானைச் சந்தியில் சோதனைக்காக பஸ்ஸை நிறுத்தியபோது, ஈட்டியின் வால் ஜன்னலுக்கு வெளியே ஒரு முழம் நீட்டிக்கொண்டிருந்தது. மிச்ச உடம்பு உள்ளே எங்கள் இரண்டு பேரின் மடியிலும் கிடந்தது. ரெஜியின் அம்மா அதற்கு ஓர் உறை தைத்துக் கொடுத்திருந்தார். நீலப் பூப்போட்ட பழைய திரைச்சீலைத் துணி. கூர்முனை யாரையும் குத்திவிடாமல் இருக்க ஒரு துண்டு றப்பர் குழாய்.

எல்லோரும் இறங்கினோம். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. எல்லோர் கையிலும் அடையாள அட்டை. மழைக்கு முந்திய புழுக்கம். இறால் வடைக்காரனின் எண்ணெய் வாசமும் பஸ் கக்கிய புகையும் சேர்ந்து தொண்டையில் ஒட்டின.

பஸ்ஸுக்குள் ஏறிப் பார்த்த ஆமிக்காரன் இறங்கும்போது அந்தப் பூப்போட்ட உறையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தான். வயது இருபதுகூட இருக்காது. "மேக்க மொகக்த?" என்று கேட்டான். இது என்ன என்று.

ரெஜி வரிசையிலிருந்து ஓரடி முன்னே வந்து, ஜவலின் என்று சொன்னாள். விளையாட்டுச் சாமான், பயிற்சிக்குக் கொண்டு போகிறேன் என்று நல்ல சிங்களத்தில் விளங்கப்படுத்தினாள். அவளுடைய சிங்களம் என்னுடையதைப்போல வங்குரோத்துச் சிங்களம் இல்லை. துறைமுகத்து ஒழுங்கையில் விளையாடி வளர்ந்த சிங்களம்.

அவன் உறையின் நாடாவை அவிழ்த்தான். அலுமினியம் வெளியே வந்து வெயிலில் பளிச்சென்றது. அவ்வளவுதான். அவன் பின்னால் ஒரு எட்டு வைத்தான். மற்ற இரண்டு பேரும் துப்பாக்கியைத் தூக்கினார்கள். வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற ஒரு அம்மா முணுமுணுக்கத் தொடங்கினார். செபமா, சாபமா என்று தெரியவில்லை.

அப்போதுதான் பெரியவன் வந்தான். தோளில் பட்டி உள்ளவன். ஈட்டியை மேலும் கீழும் பார்த்தான். ரெஜியையும் அப்படியே பார்த்தான். பிறகு சிரித்துக்கொண்டு சொன்னான்:

"எஹெனங் விசி கரலா பென்னன்ன."

அப்படியென்றால் எறிந்து காட்டு.

ரெஜி என்றால் யார்

அவள் என்ன செய்தாள் என்று சொல்ல முதல் அவள் யாரென்று சொல்லவேண்டும். இந்தத் தொடரில் வெள்ளவத்தையைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று ஒரு வாசகர் குறைப்பட்டிருந்தார். நியாயம். நான் வெள்ளவத்தைக்காரி, எனக்கு என் ஒழுங்கைதான் உலகம். ஆனால் என் வாழ்க்கையில் நான் கண்ட மிகப் பெரிய ஆள் கொட்டாஞ்சேனைக்காரி.

மரிய ரெஜினா. அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். கொச்சிக்கடைக் கோயிலின் மணி கேட்கிற தூரத்தில், இரண்டு அறை வீடு. அவள் கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் முகவர் நிறுவனத்தில் தட்டச்சுக்காரி. நான் அதே தெருவில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் எழுதுவினைஞர். நிறுவனங்களுக்கிடையிலான விளையாட்டுப் போட்டியில்தான் சந்தித்தோம். நான் நானூறு மீற்றர் ஓடி மூன்றாவதாக வந்து, புல்லில் படுத்துக் கிடந்தேன். என் தலைக்கு மேலால் எதுவோ விசிலடித்துக்கொண்டு போனது. எழும்பிப் பார்த்தால், மைதானத்தின் மறுகோடியில் ஈட்டி மண்ணில் குத்திக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தது. அளவுக்காரர்கள் அதை நோக்கி நடக்காமல் ஓடினார்கள்.

எறிந்தவள் ஒல்லிப் பெண். தலைமுடியை இறுக்கிப் பின்னியிருந்தாள். இந்தக் கை எங்கிருந்து வந்தது என்று நான் பிறகு கேட்டபோது, அவள் தனக்கும் தெரியாது என்றாள். பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து விளையாடினாளாம். அவள் எறிகிற பந்தைப் பிடிக்க மற்றப் பிள்ளைகள் பயந்தார்களாம். "உனக்குப் பந்து வேணாம், வேற ஏதாவது தாறன்" என்று ஒரு சிஸ்டர் ஈட்டியைக் கொடுத்தாராம்.

அவளுக்குப் பயிற்சி கொடுத்தவர் டயஸ் சேர். ஓய்வுபெற்ற சிங்கள மனிதர். வெயிலோ மழையோ தலையில் ஒரு துணித் தொப்பி. அதிகம் பேசமாட்டார். ரெஜி நன்றாக எறிந்தால் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிவார். அதுதான் அவருடைய பாராட்டு.

ஈட்டி ஏன் பஸ்ஸில் வந்தது என்று கேட்பீர்கள். கறுவாத்தோட்டப் பக்கம் நாங்கள் பயிற்சி செய்த மைதானத்தில் சாமான்கள் வைக்க ஓர் அறை இருந்தது. குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு அந்த அறையைக் காவலுக்கு வந்த ஆமிக்காரர் எடுத்துக்கொண்டார்கள். எறிகிற இரும்புக் குண்டு, தட்டு எல்லாவற்றையும் அவரவர் வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். தட்டைப் பைக்குள் வைக்கலாம். ஈட்டியை எதற்குள் வைப்பது? தனியாகக் கொண்டுபோகவேண்டாம் என்று அவளுடைய அம்மா கெஞ்சியதால், சனிக்கிழமைகளில் நான் கொட்டாஞ்சேனைக்குப் போய், மத்தியானம் அங்கேயே சாப்பிட்டு, அவளோடு பஸ் ஏறுவேன்.

ஓடக்கூடாத ஊர்

என்னுடைய ஓட்டம் அதற்கு முதலே நின்றுவிட்டது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

விடியற்காலையில் வெள்ளவத்தையில் ரயில் பாதையோரம் கடற்கரையில் ஓடுவேன். ஒருநாள் சப்பாத்தைக் கட்டிக்கொண்டிருந்தபோது அம்மா கதவுக்குக் குறுக்கே வந்து நின்றார்.

"பிள்ளை, வேணுமெண்டால் நட. ஓடாதை. தமிழ்ப் பிள்ளை றோட்டில ஓடினால் என்னத்துக்கு ஓடுறாள் எண்டு கேட்டுப்போட்டுச் சுடமாட்டாங்கள்."

அம்மா பயந்த சுபாவக்காரி இல்லை. தமிழர் வீடுகளைக் கொளுத்திய எண்பத்துமூன்று ஆடியில் எங்கள் ஒழுங்கை எரிந்தபோது, பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பத்தின் குசினிக்குள் எங்களை ஒளித்து வைத்துவிட்டு, வெளியே நின்றவர். அவர் சொன்னதில் ஒரு சொல்லும் மிகை இல்லை. அந்த நகரத்தில் ஓட்டம் என்பது தமிழருக்குக் குற்றத்தின் அடையாளம். பஸ்ஸைப் பிடிக்க ஓடமாட்டோம். மழை வந்தால் ஓடமாட்டோம். நனைந்துகொண்டே நடப்போம்.

நான் சப்பாத்தைக் கழற்றினேன். ஒரு நகரம் தன் பிள்ளைகளின் கால்களைக் கட்டிப்போடுவதற்குச் சங்கிலி தேவையில்லை. இதை எழுதும்போதும் எனக்குக் கோபம்தான் வருகிறது. வயது போனால் கோபம் தணியும் என்று சொல்கிறவர்கள் என்னைக் கண்டதில்லை.

நாங்கள் விளையாட்டுத் தெரியாத சனம் இல்லை. கொட்டாஞ்சேனையில் ரெஜியின் அப்பா இளைஞராக இருந்த காலத்தில், துறைமுகத் தொழிலாளர் வெறுங்காலோடு உதைபந்து ஆடிச் சப்பாத்துப் போட்டவர்களைத் தோற்கடித்திருக்கிறார்கள். மாளிகாவத்தையிலிருந்து ஒரு முஸ்லிம் கோல்காப்பாளர் வந்து அவர்களோடு ஆடுவாராம். அவர் பாய்ந்து பந்தைப் பிடிக்கிற அழகைப் பார்க்கவென்றே சிங்களப் பக்கத்திலிருந்தும் சனம் வருமாம். சிங்கராயர் என்று ஒரு பாரம் தூக்குபவர் இருந்தார். ஒழுங்கையில் சவ ஊர்வலம் வந்தால் பெட்டியின் தலைமாட்டை அவர் ஒருவரே தாங்குவார் என்று சொல்வார்கள். வெள்ளவத்தையில் ரயில் பாதையைத் தாண்டிக் கடலில் பாய்ந்து நீச்சல் பழகிய பெடியன்கள் பலர் பரிசுக் கிண்ணம் வாங்கினார்கள்.

இவர்களில் ஒருவருடைய பெயராவது ஒரு தெருவுக்கு இருக்கிறதா? ஒரு சுவரில் ஒரு பலகை? எனக்குத் தெரிந்து இல்லை.

எங்கள் ஆட்களையும் விடமாட்டேன். ரெஜியை ஒருநாள் நான் வெள்ளவத்தைக்கு எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தபோது, என் உறவினர்கள் என்ன படித்திருக்கிறாய் என்று கேட்டார்கள். சொன்னாள். என்ன செய்கிறாய் என்று கேட்டார்கள். தட்டச்சு என்றாள். ஈட்டி எறிகிறேன் என்றும் சொன்னாள். என் சித்தப்பா வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு, ஊரில் இயக்கத்துப் பெடியள் வேறு சாமான் எறிகிறார்கள், இங்கே இது ஒரு கூத்து என்றார். ரெஜி சிரித்துக்கொண்டே தேநீரைக் குடித்தாள். நான் அன்று சித்தப்பாவோடு போட்ட சண்டையால் இரண்டு குடும்பமும் ஒரு கலியாணத்துக்குப் போகாமல் விட்டன.

தெருவில் எறிவதில்லை

மருதானைக்குத் திரும்பி வருகிறேன்.

எறிந்து காட்டு என்று அந்த அதிகாரி சொன்னதும் தெரு முழுக்க எங்களைப் பார்த்தது. பஸ்ஸில் வந்தவர்கள், நடைபாதைக் கடைக்காரர்கள், எதிரே ரயிலுக்குப் போகிறவர்கள். தெரு நீளத்துக்கு ஒரு பக்கத்தை மறித்திருந்ததால் நடுவில் வெறுமையாகத்தான் இருந்தது. ஆனாலும் சனங்கள் குறுக்கே போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள். ஒரு பெண் தள்ளுவண்டியில் வாழைக்குலை கொண்டுபோனாள்.

அதிகாரி ஈட்டியை ரெஜியிடம் நீட்டினான். அவள் வாங்கினாள். கை தானாகவே போய் நூல் சுற்றிய பிடியில் உட்கார்ந்தது. அதைப் பார்த்தபோது எனக்குப் பெரிய ஆறுதல். எறியட்டும், பார்த்து வாயைப் பிளக்கட்டும், நாங்கள் போய்விடலாம்.

ரெஜி தெருவைப் பார்த்தாள். பிறகு ஈட்டியின் முனையை நிலத்துக்குத் திருப்பிப் பிடித்துக்கொண்டாள்.

"பாரே விசி கரன்ன பே, மாத்தயா. மினிஸ்சு இன்னவா."

தெருவில் எறிய ஏலாது ஐயா, மனிதர்கள் இருக்கிறார்கள். குரலில் கெஞ்சலும் இல்லை, திமிரும் இல்லை. மைதானத்துக்கு என்னோடு வந்தால் எறிந்து காட்டுகிறேன் என்றும் சொன்னாள்.

அவனுடைய சிரிப்பு போய்விட்டது. தன் ஆட்களுக்கு முன்னால் ஒரு பெண் மறுத்துவிட்டாள், அதுவும் தமிழ்ப் பெண். எறியத் தெரியாதபடியால்தான் சாட்டுச் சொல்கிறாள் என்றான். எங்களை ஜீப்பில் ஏற்றச் சொன்னான். பஸ் எங்களை விட்டுவிட்டுப் போனது.

பொலிஸில் ஒரு வாங்கில் பின்னேரம் முழுக்க இருத்தி வைத்தார்கள். ஒரே கேள்வியைப் பலபேர் வந்து கேட்டார்கள். அடையாள அட்டைகளைப் பார்த்தார்கள். ரெஜியினுடையதைப் பார்த்த ஒவ்வொருவரும் ஓரிடத்தில் நின்று, மறுபடியும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். பிறந்த இடம் மன்னார், யுத்தம் நடக்கிற வடக்கு.

அவளுடைய அம்மாவுக்கு மன்னார்தான் ஊர். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் போயிருக்கிறார். பிள்ளை பிறந்து, கழுத்து நின்றதும் கொட்டாஞ்சேனைக்குத் திரும்பி வந்துவிட்டார். ரெஜிக்கு மன்னாரில் ஒரு தெரு தெரியாது. ஆனால் அவள் பிறந்த கட்டில் அந்த அட்டையில் அவளோடு கூடவே வந்துகொண்டிருந்தது.

நான் வாங்கில் இருந்து பொருமினேன்.

"ஒருக்கா எறிஞ்சு காட்டியிருந்தால் விட்டிருப்பாங்களெல்லே?"

அவள் மெதுவாகச் சொன்னாள்.

"யாருக்காவது பட்டிருந்தா, சரோ? அதுக்குப் பொறகு நான் யாரு? அவங்க சொல்ற ஆளுதானே."



டயஸ் சேர் வந்து, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மேசையாகப் போய்ப் பேசி எங்களை வெளியே எடுத்தார். ஈட்டியை எடுக்க அவராலும் முடியவில்லை. விசாரணை முடியும்வரை அது சான்றுப்பொருள் என்றார்கள். என்ன விசாரணை, யாரை விசாரிப்பது என்று யாரும் சொல்லவில்லை. அந்த ஈட்டி திரும்பி வரவேயில்லை.

வெள்ளைக் கொடி

அடுத்த கிழமை தேர்வுப் போட்டி. வெளிநாட்டில் நடக்கவிருந்த ஒரு பெரிய போட்டிக்கு அணி எடுக்கிறார்கள். ஈட்டியில் முதலாவதாக வருகிறவர் போவார் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். இதை நான் அழுத்தி எழுதுகிறேன், ஏனென்றால் பிறகு அப்படிச் சொல்லவேயில்லை என்றார்கள்.

டயஸ் சேர் எங்கோ ஓர் ஈட்டியைக் கடன் வாங்கி வந்தார். பழையது. பிடியில் நூல் பிசிறிக் கிடந்தது. ரெஜி பிசிறுகளைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டு, உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தாள். பரவாயில்லை என்றாள்.

அவளுக்குச் சரியான போட்டி சந்திராணி என்ற பெண். தெற்கிலிருந்து வந்தவள், உரமான உடம்பு, நல்ல மனசு. இரண்டு பேரும் தண்ணீர்ப் போத்தலைப் பங்குபோட்டுக் குடிப்பார்கள். சந்திராணி முதல் எறியிலேயே நல்ல தூரம் போட்டுவிட்டாள். ரெஜியின் முதல் எறி சரிந்து விழுந்தது. அடுத்ததும் அப்படித்தான். கடன் ஈட்டி அவளுக்குக் கீழ்ப்படியவில்லை. டயஸ் சேர் புல்லில் குந்தியிருந்து, கன்னத்தில் கைவைத்துக்கொண்டிருந்தார்.

கடைசி எறிக்கு முன் அவள் என் பக்கம் வந்து, பின்னலை இன்னும் இறுக்கிக் கட்டச் சொன்னாள். கட்டினேன். அவளுடைய கழுத்து வியர்வையில் குளிர்ந்திருந்தது.

ஓடினாள். கடைசி எட்டுகளில் உடம்பு பின்னே சாய, கால்கள் முன்னே போக, கை எங்கோ பின்னால் தங்கியிருந்தது. பிறகு ஒரேயடியாக எல்லாம் முன்னே வந்தது. ஈட்டி மேலே ஏறி, உச்சியில் மூச்சு விடுவதுபோல ஒரு கணம் நின்று, சந்திராணியின் அடையாளத்துக்கு அப்பால் போய்க் குத்தியது.

நடுவர் வெள்ளைக் கொடியைத் தூக்கினார். கோட்டை மிதிக்கவில்லை, எறி செல்லும். என் கண்ணால் பார்த்தேன். மைதானத்தில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். முதலில் ஓடிவந்து அவளைக் கட்டிப்பிடித்தது சந்திராணிதான். டயஸ் சேர் எழும்பி, தொப்பியைக் கழற்றி, தலையைச் சொறிந்தார்.

அன்று பின்னேரம் கொட்டாஞ்சேனை ஒழுங்கையில் பெட்டிஸும் ஜின்ஜர்பியரும் பரிமாறினார்கள். அவளுடைய அப்பா வேலை உடையோடு அப்படியே வந்து, மகளின் வலது கையைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். துறைமுகத்தில் தான் கிரேனில் தூக்கிய பாரங்களை எல்லாம்விட இது பெரிது என்றார். அந்த மனிதர் அப்படிச் சிரித்ததை நான் பிறகு காணவில்லை.

தேநீர் கொடுத்துச் சொன்னார்கள்

அணி அறிவிக்கப்பட்டபோது ஈட்டிக்குச் சந்திராணியின் பெயர்.

டயஸ் சேரும் ரெஜியும் நானும் விளையாட்டுச் சங்கத்தின் அலுவலகத்துக்குப் போனோம். பெரிய அறை, மின்விசிறி, சுவரெல்லாம் கிண்ணங்கள். மேசைக்குப் பின்னால் இருந்த மனிதர் மிகவும் பண்பானவர். எங்களை இருக்கச் சொன்னார், தேநீர் வரவழைத்தார். எனக்கு முகத்தில் அடிக்கிறவர்களைச் சமாளிக்கத் தெரியும். தேநீர் கொடுத்துக் கழுத்தறுக்கிறவர்களிடம்தான் வாய் அடைத்துப்போகும்.

ரெஜிக்குப் பாதுகாப்பு அனுமதி வரவில்லை என்றார். யாரிடமிருந்து வரவில்லை என்று டயஸ் சேர் கேட்டார். மேலிடத்திலிருந்து. மேலிடத்தில் டயஸ் சேர் முன்பே விசாரித்திருந்தார். அங்கே, சங்கம் ரெஜியின் பெயரையே அனுப்பவில்லை என்று சொல்லியிருந்தார்கள். அதைச் சொன்னதும் அந்த மனிதர் தேநீர்க் கரண்டியால் கோப்பையைக் கலக்கினார். சீனி எப்போதோ கரைந்திருக்கும்.

பொலிஸில் ஒரு சம்பவம் நடந்ததாமே என்றார் பிறகு. ஓர் ஆயுதம் சம்பந்தமாக.

அது ஈட்டி என்றார் டயஸ் சேர். நீங்கள் நடத்துகிற விளையாட்டின் ஈட்டி.

அந்த மனிதர் தலையை ஆட்டினார். தனக்குத் தெரியும் என்றார். தனிப்பட்ட முறையில் தனக்கு ஒரு சந்தேகமும் இல்லை என்றார். ஆனால் இந்தப் பிள்ளை மன்னாரில் பிறந்தவள், வெளிநாட்டுக்குப் போய்த் திரும்பி வராமல் விட்டால், அங்கே ஏதாவது பேசிவிட்டால், யார் பொறுப்பு? இதெல்லாம் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மாறி மாறி, மிக மென்மையாக.

ரெஜி ஒன்று மட்டும் கேட்டாள். நான் எறிந்தது போதாதா, இல்லை நான் போதாதா என்று.

உன் வயதுக்கு இன்னும் எத்தனையோ போட்டிகள் வரும் மகள் என்றார் அவர்.

டயஸ் சேர் எழும்பினார். தொப்பியை அந்த அறைக்குள்ளேயே தலையில் போட்டுக்கொண்டார். அவருடைய தேநீர் தொடப்படாமல் ஆடை படிந்து கிடந்தது. அதற்குப் பிறகு அவர் அந்தக் கட்டடத்துக்குள் காலடி வைக்கவில்லை. சாகும்வரைக்கும்.

நான் பத்திரிகைகளுக்கு எழுதினேன். ஒன்றும் போடவில்லை. ஒரு தமிழ்ப் பத்திரிகையின் ஆசிரியர் மட்டும் என்னைக் கூப்பிட்டு, தங்கச்சி, இதைப் போட்டால் அந்தப் பிள்ளையின் வீட்டுக்குத்தான் முதலில் வருவார்கள் என்றார். அவர் சொன்னதும் சரிதான். நாங்கள் வாயை மூடிக்கொண்டதை நினைத்து இப்போது வெட்கப்படச் சொல்கிற இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: எங்கள் வாயை நாங்கள் மூடவில்லை. மூடுகிற கை எப்போதும் வாசலில் நின்றது.

சந்திராணி வந்தாள்

வெளிநாட்டுப் போட்டி முடிந்து சில கிழமைகளில் சந்திராணி கொட்டாஞ்சேனைக்கு வந்தாள். போட்டியில் அவள் கடைசிக்குக் கிட்டத்தான் வந்திருந்தாள். அன்று நானும் அந்த வீட்டில் இருந்தேன். ஒழுங்கை தெரியாமல் ஒவ்வொரு வாசலாகக் கேட்டுக் கேட்டு வந்தவளின் கையில் ஒரு சொக்கலேட் பெட்டி.

வாசலில் நின்றே அழத் தொடங்கினாள். நீதான் போயிருக்கவேண்டும், நான் மறுத்திருக்கவேண்டும், வீட்டில் விடவில்லை என்றாள். ரெஜியின் அம்மா அவளை உள்ளே கூட்டிவந்து இருத்தி, முந்தானையால் விசிறினார். எனக்கு அங்கே இருக்க முடியவில்லை. குசினிக்குப் போய் நின்றேன். அவள்மேல் கோபப்படக் கூடாது என்று தெரியும். தெரிந்தும் கோபம் வந்தது. அதுதான் அந்தக் காலம் எங்களுக்குச் செய்த கேடு. அநியாயம் செய்தவர்கள் கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தார்கள். கைக்கு எட்டியவள் இந்த அப்பாவி.

குசினிச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ரெஜியின் குரல் கேட்டது. அவள் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. அங்கே காற்று எந்தப் பக்கமிருந்து வந்தது என்று சிங்களத்தில் கேட்டாள். ஓடுபாதை மண்ணா, றப்பரா? முட்சப்பாத்து பிடித்ததா? சந்திராணி மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னாள். பிறகு இரண்டு பேரும் எழும்பி, அந்தச் சின்ன அறைக்குள், ஈட்டி இல்லாமலே, ஓடிவருகிற கடைசி எட்டுகளை வைத்துப் பார்த்தார்கள். மேசை தட்டுப்பட்டு ஒரு கோப்பை உடைந்தது.

ரெஜி அழுதது சந்திராணி போனபிறகு. சத்தமில்லாமல், உடைந்த கோப்பைத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே. நான் அவளோடு அழவில்லை. எனக்கு யாரையாவது அடிக்கவேண்டும்போல இருந்தது.

இன்னும் சில வருஷங்கள் நிறுவனப் போட்டிகளில் எறிந்தாள். தோளில் நோவு வந்து நிறுத்தினாள். கலியாணம் செய்தாள், இரண்டு பெண் பிள்ளைகள். சந்திராணி நல்ல நாள்களில் எல்லாம் வந்துபோவாள். எல்லோரும் கனடாவுக்கும் லண்டனுக்கும் போனபோது ரெஜி போகவில்லை. அனுமதி வேண்டி இன்னொரு மேசைக்கு முன்னால் நிற்கமாட்டேன் என்றாள்.

பொன்னாடை

சில மாதங்களுக்கு முன் கொட்டாஞ்சேனையில் ஒரு மண்டபத்தில் விழா. இந்தப் பகுதியின் பெயரை உயர்த்திய விளையாட்டு வீரர்களைக் கௌரவிக்கிறார்களாம். ரெஜியும் அழைக்கப்பட்டிருந்தாள். எனக்கு முன்வரிசையில் இடம் பிடித்துத் தந்தாள். மேடையில் சிங்களப் பிரமுகர்களும் தமிழ்ப் பிரமுகர்களும் கலந்து இருந்தார்கள். விசிறி வேலை செய்யவில்லை. எல்லோரும் அழைப்பிதழால் விசிறிக்கொண்டிருந்தோம்.

ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தி, சிறு குறிப்பு வாசித்தார்கள். ரெஜியின் முறை வந்தது. வாசித்தவர் ஓர் ஆசிரியர், கணீரென்ற குரல். எங்கள் மண்ணின் ஈட்டி மங்கை என்றார். தேசிய மட்டத்தில் முதலிடம் பெற்றவர் என்றார். பிறகு வாசித்தார்: "எனினும், தவிர்க்க முடியாத காரணங்களால் சர்வதேசப் போட்டியில் அவரால் கலந்துகொள்ள முடியவில்லை."

தவிர்க்க முடியாத காரணங்கள். காய்ச்சலா? கல்யாணமா? புயலா? எழுதியவர் தமிழர், வாசித்தவர் தமிழர், மேடையில் கைதட்டியவர்களில் பாதிப்பேர் அந்தக் காலத்தில் இந்தத் தெருக்களில் அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றவர்கள். யுத்தம் முடிந்து இத்தனை வருஷங்களுக்குப் பிறகும், எங்கள் மண்டபத்தில், எங்கள் மொழியில், எங்களுக்குச் செய்ததைச் சொல்ல எங்களுக்கு ஒரு வினைச்சொல் இல்லை. நான் எழும்பிவிட்டேன். என்ன சொல்லப்போகிறேன் என்று தெரியாமலே எழும்பினேன்.

ரெஜி மேடையிலிருந்து என்னைப் பார்த்து, இரு என்று கையைக் காட்டினாள். பொன்னாடையோடு ஒலிவாங்கிக்குப் போனாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

"இதுல ஒரு பிழை இருக்கு," என்றாள். "எனக்கு ஏலும். நான்தான் ஆகத் தூரம் எறிஞ்சேன். போக முடியாம இருக்கல்ல. என்னைய விடல்ல."

அதையே சிங்களத்திலும் சொன்னாள், மேடையில் இருந்தவர்களுக்கு விளங்குவதற்காக. பிரதம விருந்தினர் தன் மடியில் இருந்த விழா மலரைப் பார்த்தார். விழாத் தலைவர் ஓடிவந்து, அக்கா, விளையாட்டு விழாவில் அரசியல் வேண்டாமே என்று காதில் சொன்னார். அது ஒலிவாங்கியில் எல்லோருக்கும் கேட்டது.

ரெஜி ஆசிரியர் பக்கம் திரும்பினாள்.

"சேர், அதைத் திருத்தி இன்னொருக்கா வாசிங்க."

அவர் தலைவரைப் பார்த்தார். தலைவர் விருந்தினரைப் பார்த்தார். ரெஜி நகரவில்லை. மண்டபத்தில் அழைப்பிதழ்கள் விசிறுகிற சத்தமும் நின்றுவிட்டது. ஆசிரியர் கையிலிருந்த தாளைத் தூக்கி, அதில் இல்லாத வசனத்தை வாசித்தார். மிகவும் சின்னக் குரலில், அவரைக் கலந்துகொள்ள விடவில்லை என்று.

"பின்னால இருக்கிறவங்களுக்குக் கேக்கல்ல, சேர்," என்றாள் ரெஜி.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு உரத்து வாசித்தார்.